பாதி அணைந்த மீன்தொட்டி லைட்டும் பதில் சொல்லாத விற்பனையாளரும்

மீனோடு நீர்ச்செடிகளும் வளரும் என் செடித் தொட்டிக்கு ஆன்லைன் சந்தையில் வாங்கிய எல்.இ.டி. லைட் சில வாரம் நன்றாக எரிந்தது. பிறகு வலது பாதி சிமிட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து வெள்ளை வெளிச்சம் முழுக்கப் போய், சிவப்பும் நீலமும் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. அணைத்து வைத்துவிட்டு மறுநாள் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி முழுசாக எரியும். அரை மணி நேரம் போனதும் மறுபடி அதே கதை.

விட்டுவிட்டு வரும் கோளாறுதான் எல்லாவற்றிலும் மோசமானது. சுத்தமாக அணைந்துபோன லைட்டை ஒரே ஒரு போட்டோவில் காட்டிவிடலாம். போட்டவுடன் நன்றாக எரிந்து, அப்புறம் அணைகிற லைட்டை யாரிடமும் நிரூபிப்பது கஷ்டம். விற்றவருக்கு அது வசதி. "எங்கள் பக்கம் சோதித்தபோது சரியாக இருந்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அதனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நாமே கண்டுபிடித்து, மறுக்க முடியாதபடி காட்டிவிட்டால்தான் பேச்சு நகரும். என் விஷயத்தில் காரியம் நடந்தது அதனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் லைட்டைத் தொடுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்க்க வேண்டும். செடித் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் செடி வளர்வதற்காகத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கொடுப்பார்கள். அந்த வாயுவை மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வும் லைட்டும் பெரும்பாலும் ஒரே டைமரில்தான் இருக்கும். லைட் பழுதாகி அணைந்தாலும் டைமர் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், வாயு நிற்காது. வெளிச்சம் இல்லாத செடி அந்த வாயுவை எடுத்துக்கொள்ளாது, ஆக்சிஜனையும் விடாது. வாயு தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும், மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். லைட் சிமிட்டுகிறது என்று தெரிந்ததுமே நான் சிலிண்டரை மூடிவிட்டு, ஃபில்டரின் வெளிக்குழாயை உயர்த்தி நீர்ப்பரப்பு நன்றாக அலையும்படி வைத்தேன். தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அது பச்சையாக இருந்தால் ஏறக்குறைய 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு) என்று கணக்கு, மஞ்சளானால் அளவுக்கு மீறிவிட்டது. அது நிறம் மாறவே ஓரிரு மணி நேரம் எடுக்கும் என்பதால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மீனின் மூச்சைப் பாருங்கள்.

மற்றபடி வெளிச்சம் இல்லாமல் மீனுக்கு ஒன்றும் ஆகாது. பாசியை ஒழிப்பதற்காகவே தொட்டியைத் துணியால் மூடி மூன்று நாள் இருட்டில் வைக்கும் பழக்கம் நம் வட்டத்தில் உண்டு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பாசிச்செடி வகைகள் குறைந்த வெளிச்சத்தில் வாரக்கணக்கில் தாங்கும். ரோட்டாலா மாதிரி வேகமாக வளரும் தண்டுச் செடிகளும் தரையில் படரும் செடிகளும்தான் முதலில் வாடும். திரவ உரத்தைக் குறைத்துவிட்டு, 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றை மேசை விளக்கில் மாட்டி, தொட்டியின் கண்ணாடி மூடிக்கு மேல் நின்று எரியும்படி வைத்தேன். பார்க்க அழகாக இருக்காது, செடி தாக்குப்பிடிக்கும். மூடி இல்லாத தொட்டி என்றால் இதைச் செய்யாதீர்கள். வீட்டு பல்பு தண்ணீர் தெறிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இனி லைட்டுக்கு வருவோம். எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த ஒரு அண்ணனுக்கு போன் போட்டேன். "அண்ணே, அடாப்டர் போயிருக்கும்னு நினைக்கிறேன், புதுசு வாங்கிடட்டுமா?" என்றேன். "அளந்து பாத்தியா தம்பி? அடாப்டர், கண்ட்ரோலர், லைட்டு, மூணே மூணு பொருள்தான். ஒண்ணொண்ணா கழிச்சுக்கிட்டே வா" என்றார். அப்படியே செய்தேன்.

முதலில் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீர்ப் பக்கம் கை போக வேண்டும். கை உலர்ந்திருக்க வேண்டும். லைட்டுக்குப் போவது 12 அல்லது 24 வோல்ட் டி.சி. என்றாலும் அடாப்டருக்குள் வீட்டு மின்சாரம் முழுசாக இருக்கிறது. அடாப்டரைத் தொட்டிக்குக் கீழே தரையில் கிடத்தாமல், தண்ணீர் சொட்டினாலும் படாத இடத்தில் மாட்டுங்கள். வயர் தொட்டியிலிருந்து நேராக சாக்கெட்டுக்கு இறங்கக் கூடாது. நடுவில் சாக்கெட்டை விடத் தாழ்வாக ஒரு தொங்கல் விட்டால், வயரில் வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மீன்தொட்டி இருக்கும் லைனில் மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் இருப்பது ரொம்ப அவசியம்.

லைட்டைத் தொட்டியிலிருந்து எடுத்து, காய்ந்த மேசையில் வைத்து எரிய விட்டேன். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வேன். "தொட்டியின் நீராவிதான் காரணம்" என்று பின்னால் வரப்போகும் பதிலுக்கு அப்போதே கதவு மூடிவிடும். மேசையிலும் அதே நேரத்தில் அதே பாதி அணைந்தது.

அடுத்து அடாப்டர். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து பின்னில் அளந்தால் லேபிளில் போட்டிருந்த 24 வோல்ட் சரியாக வந்தது. இதை மட்டும் வைத்து அடாப்டர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே கெப்பாசிட்டர் வீங்கிப்போன அடாப்டர்கூட சும்மா இருக்கும்போது முழு வோல்ட் காட்டும். லைட்டைச் சேர்த்ததும் படுத்துவிடும். எனவே லைட் எரிந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். திருகு முனை வைத்த ஆண், பெண் ஜாக் ஜோடி கிடைக்கும். அதை நடுவில் சேர்த்தால் வயரை வெட்டாமல் அளக்கலாம். ப்ளஸ், மைனஸை மாற்றிப் பிணைத்துவிடாமல் கவனமாகச் செய்யுங்கள். எனக்கு, வலது பக்கம் அணைகிற நொடியிலும் வோல்ட் அசையவில்லை. அடாப்டர் கணக்கிலிருந்து போனது.

இந்த இடத்தில் ஜாக் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நிறைய பேருடைய "பழுதான லைட்" உண்மையில் இதுதான். டி.சி. பின்களில் 5.5 × 2.1 மில்லிமீட்டர், 5.5 × 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். 2.5 துளை உள்ள பிளக்கை 2.1 பின்னில் செருகினால் உள்ளே போகும், எரியவும் செய்யும். ஆனால் லூசாக இருக்கும். வயரை லேசாக அசைத்தாலே சிமிட்டும். அடாப்டரை மாற்றிய பிறகு சிமிட்டல் தொடங்கியது என்றால் முதலில் இதைப் பாருங்கள். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், நடுமுனை ப்ளஸா மைனஸா என்ற குறியும் ஒத்துப்போக வேண்டும். கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் ஜாக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக உப்பும் பச்சையாகக் களிம்பும் படிந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கும்.

கண்ட்ரோலரைச் சோதிப்பது எளிது. என் லைட்டில் அது வயரின் நடுவில் இருந்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டி. இரண்டு பக்கமும் ஒரே ஜாக். அதைக் கழற்றி அடாப்டரை நேராக லைட்டில் சேர்த்தேன். எல்லா லைட்டிலும் இப்படிச் செய்ய முடியாது. நிறங்களுக்குத் தனித்தனி வயர் போகும் கண்ட்ரோலர் என்றால் இதை முயல வேண்டாம். எனக்கு முழு வெளிச்சத்தில் எரிந்து, அதே அரை மணிக்குள் வலது வெள்ளை அணைந்தது. ஆக, கோளாறு லைட்டுக்குள்தான்.

இன்னும் ஒரு படி போனேன். எல்.இ.டி.யை நேராகப் பார்க்கக் கூடாது, கண் கூசிவிடும். தடித்த வெள்ளைத் தாளை அதன் மேல் பரப்பினால் ஒவ்வொரு எல்.இ.டி.யும் தனித்தனிப் புள்ளியாகத் தாளில் தெரியும். அணைந்தவை மொத்தமாக ஒரே வரிசை. இடையில் ஒன்றுகூட மங்கலாக மினுங்கவில்லை. இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் தேவை. 24 வோல்ட் லைட்டில் அவற்றை ஏழெட்டாகத் தொடர் இணைப்பில் கோத்திருப்பார்கள். அதில் ஒன்று ஷார்ட் ஆனால் அது மட்டும் அணையும், மற்றவை எரியும். ஒன்று அறுந்தாலோ ஒரு சால்டர் இணைப்பு விட்டுப்போனாலோ மொத்த வரிசையும் அணையும். எனக்கு நடந்தது இரண்டாவது. குளிர்ந்திருக்கும்போது எரிந்து சூடேறியதும் அணைகிறது என்றால், சூட்டில் தகடு விரிந்து எங்கோ ஒரு இணைப்பு பிரிகிறது. ஒரு சின்ன ஃபேனை லைட்டின் முதுகுப் பக்கம் திருப்பி வைத்தபோது அணைவதற்கு வழக்கத்தை விட அதிக நேரம் எடுத்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

உடனே திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். திறக்காதீர்கள். வாரண்டிப் பேச்சு முடியும் வரை ஒரு ஸ்க்ரூகூடத் திருகக் கூடாது. திறந்த தடயம் இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

வீடியோ எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். லைட்டின் பக்கத்தில் ஓடும் ஸ்டாப் வாட்ச் ஒன்றை வைத்து, சுவிட்ச் போட்டதிலிருந்து அணையும் வரை வெட்டாமல் ஒரே ஷாட். தொடக்கத்தில் லைட்டின் சீரியல் எண் ஒட்டியிருக்கும் லேபிள் தெரியும். நடுவில் ஒரு முறை மல்டிமீட்டரின் 24 வோல்ட் தெரியும். வெளிச்ச அளவு 100 சதவீதம். இதற்குக் காரணம் உண்டு: வெளிச்சத்தைக் குறைத்தால் பல கண்ட்ரோலர்கள் லைட்டை வேகமாக அணைத்து அணைத்துப் போடும்; நம் கண்ணுக்குத் தெரியாது, மொபைல் கேமராவில் கோடு கோடாக ஓடும். "கேமராவில் அப்படித்தான் தெரியும், கோளாறு இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். முழு வெளிச்சத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

முதல் கடிதத்தில் கோபத்தைக் காட்டவில்லை, கதையும் சொல்லவில்லை. எழுதியது ஏறத்தாழ இதுதான்: "ஆர்டர் எண் இது, வந்து சேர்ந்த தேதி இது, மாடல் இது. எரியத் தொடங்கி அரை மணிக்குள் வலப்பக்க வெள்ளை எல்.இ.டி. வரிசை முழுவதும் அணைகிறது. தொட்டிக்கு வெளியே, வேறு சாக்கெட்டில், கண்ட்ரோலர் இல்லாமல் சோதித்தும் அதேதான். அடாப்டர் சுமையோடு 24 வோல்ட் தருகிறது. வீடியோ இணைத்திருக்கிறேன். மாற்று லைட் அல்லது முழுப் பணம் வேண்டும். இந்தத் தேதிக்குள் பதில் தாருங்கள்." கடைசி இரண்டு வாக்கியம் இல்லாத கடிதத்துக்கு அனுதாபம் மட்டும்தான் பதிலாக வரும்.

அப்படியும் என்ன நடந்தது? தொடர்பு கொண்டதற்கு நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அடுத்து, வேறு சாக்கெட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அதைச் செய்தாகிவிட்டது என்று கடிதத்திலேயே இருக்கிறது என எழுதினால், வேறொரு பெயரில் இன்னொருவர் வந்து வீடியோ கேட்டார். அனுப்பிய வீடியோவை மறுபடி அனுப்பினேன். தொழில்நுட்பக் குழு பார்க்கிறது என்றார்கள். பிறகு அமைதி. நினைவூட்டினால், முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பம்.

இதைத் திறமையின்மை என்று நான் நினைக்கவில்லை. ஆன்லைன் சந்தையில் ரிட்டர்னுக்கும் புகாருக்கும் ஒரு கெடு இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் அந்தக் கெடுவை நோக்கி நம்மைத் தள்ளுகிறது. நல்ல மனதோடு காத்திருப்பவர்தான் இதில் ஏமாறுவார். ஆகவே பொருளை வாங்கிய அன்றே கெடு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பேச்சுவார்த்தை எவ்வளவு இனிமையாகப் போனாலும் அந்தத் தேதிக்கு முன்னால் முறைப்படி புகாரைப் பதிந்துவிடுங்கள். புகார் பதிந்த பிறகும் விற்பவரோடு மரியாதையாகப் பேசலாம், அதில் தவறில்லை.

நடுவில், சாட் எண் ஒன்றைக் கொடுத்து "இங்கே வாருங்கள், சீக்கிரம் முடித்துவிடலாம்" என்றார்கள். போகவில்லை. சந்தைத் தளத்தின் மெசேஜ் பெட்டிக்குள் நடப்பது மட்டும்தான் பிறகு தீர்ப்புச் சொல்பவர் கண்ணில் படும். "இங்கேயே எழுதுங்கள், வசதியாக இருக்கும்" என்று பதில் போட்டேன். விற்பனைப் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன். வாரண்டிக் காலமும் ஐ.பி.67 என்ற குறியீடும் அதில் இருந்தன. தண்ணீர் புகுந்திருக்கும், அதற்கு வாரண்டி இல்லை என்று ஒரு பதில் வந்தபோது அந்த ஸ்க்ரீன்ஷாட் கைகொடுத்தது. ஐ.பி.67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் உள்ளே பாதிப்பு வரும் அளவுக்கு நீர் புகக் கூடாது என்று பொருள். அப்படி எழுதி விற்றவர், தொட்டிக்கு மேல் நின்ற லைட்டில் ஈரம் புகுந்தது என்று சொன்னால் அது அவருடைய பொருளின் குறைதானே. அக்ரிலிக் மூடியின் உள்பக்கம் ஒரு துளி ஈரமோ கறையோ இல்லாததைக் கிட்டத்தில் எடுத்த படத்தோடு இதை எழுதினேன். அதற்கு மறுப்பு வரவில்லை.

தளத்தில் முறைப்படி புகார் பதிந்ததும் அதுவரை வாய் திறக்காதவர்கள் பேச ஆரம்பித்தார்கள். முதலில், லைட்டை வைத்துக்கொண்டு ஒரு பகுதிப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டால் புகார் அத்துடன் முடிந்துவிடும். அடுத்து, புகாரை மூடுங்கள், முழுப் பணமும் அனுப்புகிறோம் என்றார்கள். இது கவனமாக இருக்க வேண்டிய இடம். மூடிய புகாரைப் பல தளங்களில் திரும்பத் திறக்க முடியாது. "பணம் வந்து சேர்ந்ததும் மூடுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். கடைசியில் தளமே எனக்குச் சாதகமாக முடிவு சொல்லி முழுப் பணத்தையும் திருப்பியது. அப்படி நடக்காமல் போயிருந்தால், கார்டில் கட்டியவர்களுக்கு வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கோரும் வழி இருக்கிறது. அதற்கும் தனிக் கெடு உண்டு, தளத்தின் முடிவுக்காகக் காத்திருந்தே அதைத் தாண்டிவிடக் கூடாது. அதே வீடியோ, அதே கடிதங்கள் அங்கேயும் போதும்.

லைட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அப்போதுதான் திறந்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த வரிசையின் நடுவில் ஒரு எல்.இ.டி.யின் கால் பக்கத்துச் சால்டரைச் சுற்றி மயிரிழை வட்டமாக விரிசல். ஃப்ளக்ஸ் தடவி, புதிதாகச் சால்டர் வைத்து, அக்வேரியம் சிலிகானால் ஓரத்தை அடைத்ததும் சரியாகிவிட்டது. சின்ன வேலைதான். விற்றவர் ஆரம்பத்திலேயே ஒரு மாற்று லைட் அனுப்பியிருந்தால் இத்தனை மனக்கசப்பு யாருக்கும் இருந்திருக்காது. அதை இப்போது புது மீன்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் தொட்டிக்குப் பயன்படுத்துகிறேன்.

பெரிய தொட்டிக்குப் புது லைட் வாங்கியபோது வெளிச்சத்தின் அளவை விட வேறு சில விஷயங்களைப் பார்த்தேன்: அடாப்டரும் கண்ட்ரோலரும் தனித்தனியாகக் கழற்றக்கூடியவையா, சாதாரண ஜாக்தானா, உதிரியாகக் கிடைக்கிறதா, முதுகில் சூட்டை வெளியேற்றும் அலுமினியம் போதுமான அளவு இருக்கிறதா. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தேன், பெட்டியையும் தூக்கிப் போடவில்லை. நேராகத் தொட்டியில் மாட்டாமல் மேசையில் முழு வெளிச்சத்தில், தொட்டிக்கு எவ்வளவு நேரம் எரியுமோ அவ்வளவு நேரம், சில நாள் தொடர்ந்து எரியவிட்டேன். சூட்டில் பிரியும் இணைப்பு இருந்தால் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள்ளேயே தெரிந்துவிடும். பிறகு தொட்டியில் பாதி வெளிச்சத்தில், ஆறு மணி நேரத்தில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சமாக ஏற்றினேன். குறைந்த வெளிச்சத்துக்குப் பழகிய செடிமேல் ஒரேயடியாக முழு வெளிச்சத்தைக் கொட்டினால் செடிக்கு முன்னால் பாசி வளர்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடுக்கு இப்போது தனி டைமர். அது லைட் எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்து, லைட் அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிக்கொள்கிறது.